யூஸ்டு டு, ஆம் யூஸ்டு டு, கெட் யூஸ்டு டு: நமக்கு எங்கே தடுக்கிறது?

நீங்கள் கேட்டது இது. அலுவலகத்தில் 'ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே' என்று சொல்லியிருக்கிறீர்கள். வெளிநாட்டு மேலாளர் உடனே, ஏன் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் விடவே இல்லை. இன்றைக்கும் ஐந்து மணிக்குத்தான் எழுகிறீர்கள். அதோடு, சரியா தவறா என்று பார்க்கச் சொல்லி மூன்று வாக்கியங்களும் அனுப்பியிருக்கிறீர்கள்: 'இன் தோஸ் டேஸ் ஐ வாஸ் கோயிங் டு காலேஜ் பை பஸ்', 'பெங்களூர் கோல்ட் இஸ் யூஸ்டு டு மீ', 'ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க் அட் நைட்'.

நீங்கள் சொல்ல நினைத்ததை இந்த நான்கில் எதுவும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் தமிழில் யோசித்துப் பார்த்தால் நான்குமே நியாயமான வாக்கியங்கள். விதியை மட்டும் எழுதிவிட்டுப் போனால் இரண்டு நாளில் மறந்துவிடும். நம் மொழி எந்த இடத்தில் நம்மை அங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிழை திரும்பி வராது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் வாக்கியத்திலிருந்து தொடங்குவோம். தமிழில் 'தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்' என்றால் இப்போதைய வழக்கம். 'சின்ன வயசுல அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்' என்றால் பழைய வழக்கம். 'நாளைக்கு அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்' என்றால் எதிர்காலம். வினை மூன்றிலும் ஒன்றேதான். காலத்தைச் சொல்வது முன்னால் நிற்கும் சொல். பள்ளியில் இந்த வடிவத்துக்கு எதிர்காலம் என்று பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் வழக்கமாக நடப்பதையும் என்றும் உள்ளதையும் சொல்வதற்குத் தமிழ் வெகுகாலமாகவே இந்தக் குடும்பத்து வடிவங்களை வைத்திருக்கிறது. முக்காலத்துக்கும் பொதுவாக நிற்பதைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டில் சொல்வதைப் பற்றித் தொல்காப்பியத்தின் வினையியலிலேயே பேச்சு இருக்கிறது; உரையாசிரியர்கள் அதற்கு 'மலை நிற்கும்' என்று உதாரணம் காட்டுகிறார்கள்.

'எழுவது வழக்கம்' என்ற தொடரும் இப்படித்தான். அது இன்றைக்கும் பொருந்தும், அன்றைக்கும் பொருந்தும். சிக்கல் எங்கே பிறக்கிறது என்றால், 'யூஸ்டு டு' என்றால் 'வழக்கம்' என்று ஒற்றைச் சொல்லில் மனப்பாடம் செய்துவிடுகிறோம். தமிழ் 'வழக்க'த்துக்குக் காலம் இல்லை. ஆங்கில 'யூஸ்டு டு'வுக்கு உண்டு, அது கடந்தகாலம் மட்டும். அதோடு, கேட்பவர் சொல்லாமலே இன்னொன்றையும் எடுத்துக்கொள்வார்: 'இப்போது அப்படி இல்லை'. 'அண்ட் ஐ ஸ்டில் டூ' என்று நீங்களே பின்னால் சேர்த்தால் ஒழிய, அந்தப் பழக்கம் முடிந்துபோனது என்றுதான் புரிந்துகொள்வார். உங்கள் மேலாளர் கேட்ட கேள்வி முழுக்க நியாயமானது.

இப்போதைய வழக்கத்தைச் சொல்ல 'யூஸ்டு டு'வுக்கு நிகழ்கால வடிவமே கிடையாது. 'ஐ யூஸ் டு கெட் அப்' என்று கடைசி ஒலியை எடுத்துவிட்டால் நிகழ்காலம் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னதுண்டு, இன்றைக்கு வழக்கொழிந்துவிட்டது. இன்றைய வழி மிக எளிது: 'ஐ கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே.' அவ்வளவுதான். சாதாரண நிகழ்கால வினையே வழக்கத்தைச் சொல்லிவிடும். 'வழக்கமாக' என்று அழுத்தம் வேண்டுமானால் 'யூஷுவலி' சேர்க்கலாம்: 'ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்.' நம் ஆட்களுக்கு இந்த வாக்கியம் ஏதோ குறைவது போலத் தோன்றுகிறது. 'வழக்கம்' என்ற சொல்லுக்கு இணையாக ஒன்றைப் போட்டே தீர வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. அந்த ஆசையை விட்டுவிட்டால் பாதிப் பிழை போய்விடும்.

இந்தியாவுக்குள் 'ஐ யூஸ்டு டு கோ டு த ஜிம் டெய்லி' என்று இன்றைய பழக்கத்தைச் சொன்னால் பெரும்பாலோர்க்குப் புரிந்துவிடுகிறது. நம் நாட்டு ஆங்கிலத்தில் அது அத்தனை பரவலாக இருக்கிறது. அதனால் உள்ளூர்ப் பேச்சில் யாராவது அப்படிச் சொன்னால் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் நேர்முகத் தேர்வு, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச்சு, ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகள், இங்கெல்லாம் அது உங்களுக்கே நஷ்டம். 'ஐ யூஸ்டு டு ஹெல்ப் மை டீம்மேட்ஸ்' என்று பெருமையாகச் சொல்வீர்கள். எதிரில் இருப்பவர், இப்போது இவர் யாருக்கும் உதவுவதில்லை போலிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். 'ஐ யூஸ்டு டு பீ வெரி பங்க்சுவல்' என்பது அதைவிட மோசம்.

அடுத்தது பேருந்து வாக்கியம். 'அப்பல்லாம் பஸ்லதான் காலேஜுக்குப் போயிட்டிருந்தேன்' என்பது அச்சு அசலான தமிழ். 'போய்க்கொண்டிருந்தேன்' என்பது தமிழில் இரண்டு வேலை செய்கிறது: ஒரு நேரத்தில் நடந்துகொண்டிருந்ததையும் சொல்லும், பல மாதம், பல வருடம் தொடர்ந்ததையும் சொல்லும். ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் கோயிங்' முக்கியமாக முதல் வேலையைத்தான் செய்யும். நீங்கள் அப்படித் தொடங்கியதும் கேட்பவர், போய்க்கொண்டிருந்தபோது என்ன நடந்தது, விபத்தா, யாரையாவது பார்த்தீர்களா என்று மீதிக் கதைக்காகக் காத்திருப்பார். பழைய வழக்கத்தைச் சொல்ல 'ஐ யூஸ்டு டு கோ டு காலேஜ் பை பஸ்' என்பதே பொருத்தம். 'யூஸ்டு டு' உண்மையில் குடியிருக்கும் இடம் இதுதான்.

இதே வழியில் வரும் இன்னொரு பிழை, 'ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்'. 'என்கிட்ட ஒரு சைக்கிள் இருந்துச்சு' என்று சொல்ல வருகிறோம். ஒன்றை வைத்திருப்பது செயல் அல்ல, நிலை. நிலையைச் சொல்லும் வினைகள் பெரும்பாலும் 'கோயிங்', 'ஹேவிங்' என்பவற்றின் கடைசியில் வரும் ஐஎன்ஜி விகுதியை ஏற்காது. 'ஐ யூஸ்டு டு ஹேவ் எ சைக்கிள்' என்று சொல்லலாம், 'ஐ ஹேட் எ சைக்கிள்' என்றும் சொல்லலாம். 'யூஸ்டு டு' பழக்கத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாறிப்போன நிலைக்கும் அதுதான். 'சென்னை யூஸ்டு டு பீ கால்டு மெட்ராஸ்' - 1996-இல் பெயர் மாறியது. 'ஸ்ரீலங்கா யூஸ்டு டு பீ கால்டு சிலோன்' - 1972 வரை. சென்னை அண்ணா மேம்பாலத்தை இன்றும் ஜெமினி மேம்பாலம் என்கிறார்களே, ஏன் என்று வெளியூர் நண்பர் கேட்டால், 'தேர் யூஸ்டு டு பீ எ ஃபிலிம் ஸ்டூடியோ கால்டு ஜெமினி ஹியர்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். முன்பு இருந்தது, இன்று இல்லை என்ற இரண்டும் அதற்குள் வந்துவிட்டன. இந்த 'தேர் யூஸ்டு டு பீ' என்ற தொடரை மட்டும் நாக்குக்குப் பழக்கிக்கொண்டாலே ஊரைப் பற்றி எவ்வளவோ பேசலாம்.

ஓர் எல்லையும் உண்டு. எவ்வளவு காலம், எத்தனை தடவை என்று கணக்குச் சொன்னால் 'யூஸ்டு டு' ஒட்டாது. 'ஐ யூஸ்டு டு லிவ் இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்' தவறு. 'ஐ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்' சரி. 'ஐ யூஸ்டு டு கோ டு ஊட்டி த்ரீ டைம்ஸ்' தவறு. 'ஐ வென்ட் டு ஊட்டி த்ரீ டைம்ஸ்'. ஆனால் 'வருடத்துக்கு மூன்று தடவை' என்றால் அது மறுபடி வழக்கமாகிவிடுகிறது. 'ஐ யூஸ்டு டு கோ டு ஊட்டி த்ரீ டைம்ஸ் எ இயர்' சரியே. மொத்தக் கணக்கா, திரும்பத் திரும்ப வரும் கணக்கா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இங்கே 'வுட்' பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய நினைவுகளைப் பேசும்போது ஆங்கிலக்காரர்கள் 'யூஸ்டு டு'வில் தொடங்கி விரைவிலேயே 'வுட்'டுக்கு மாறிவிடுவார்கள். 'மை கிராண்ட்ஃபாதர் யூஸ்டு டு லிவ் வித் அஸ். எவ்ரி ஈவ்னிங் ஹீ வுட் சிட் ஆன் த திண்ணை அண்ட் டெல் அஸ் ஸ்டோரீஸ். வீ வுட் ஃபால் அஸ்லீப் பிஃபோர் த எண்ட்.' இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'தாத்தா எங்களோடதான் இருந்தார். சாயங்காலமானா திண்ணையில உக்காந்து கதை சொல்லுவார். முடியறதுக்குள்ள நாங்க தூங்கிடுவோம்.' சொல்லுவார், தூங்கிடுவோம் என்ற வடிவங்கள் வரும் இடத்தில் எல்லாம் 'வுட்' அப்படியே உட்காருகிறது. இது தற்செயல் அல்ல. 'வுட்' என்பது 'வில்' என்பதன் இறந்தகால வடிவம். 'வில்' எதிர்காலத்துக்கும் வரும், வழக்கத்துக்கும் வரும். எதிர்காலத்தையும் வழக்கத்தையும் ஒரே சொல்லில் வைக்கும் குணம் இரண்டு மொழிக்கும் உண்டு. ஆங்கிலம் கற்கும் தமிழருக்கு இது தாய்மொழி தரும் சீதனம். 'வுட்'டைப் பார்த்து நாம் பயப்படுவதற்குக் காரணமே இல்லை.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, தமிழில் நிலைக்கும் இந்த வடிவம் வரும்: 'அவருக்கு அப்ப பெரிய மீசை இருக்கும்.' ஆங்கிலத்தில் 'ஹீ வுட் ஹேவ் எ பிக் மஸ்டாஷ்' என்று சொல்ல முடியாது. 'ஹீ யூஸ்டு டு ஹேவ்' என்றுதான் சொல்ல வேண்டும். வசிப்பது, வைத்திருப்பது, விரும்புவது, தெரிந்திருப்பது, இருப்பது இவற்றுக்கெல்லாம் 'வுட்' ஆகாது. போவது, வருவது, உட்காருவது, சொல்வது இவற்றுக்கு ஆகும். இரண்டு, எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லாமல் 'ஐ வுட் கோ டு த பீச்' என்று தொடங்கினால், 'நேரம் கிடைத்தால் போவேன்' என்பது போலக் கேட்கும். அதனால்தான் முதல் வாக்கியத்தில் 'யூஸ்டு டு', பிறகு 'வுட்' என்ற வரிசை. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். சிறுவயது பற்றிய தலைப்பு வந்தால் இந்த வரிசை கைகொடுக்கும். அங்கே மதிப்பெண் தரும் நான்கு அளவுகோல்களில் இலக்கணமும் ஒன்று.

இனி பெங்களூர்க் குளிர். இது வேறு கதை. உருவத்தில் மட்டும்தான் முதலாவதுக்கு உறவு. 'எனக்குக் குளிர் பழகிடுச்சு' என்று நினைக்கிறோம். தமிழில் பழகுவது குளிர். 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நாம் ஓரமாக நிற்கிறோம். அதை அப்படியே வைத்தால் 'கோல்ட் இஸ் யூஸ்டு டு மீ' என்று வந்துவிடுகிறது. அதற்குப் பொருள், குளிருக்கு என்னைப் பார்த்துப் பழகிவிட்டது என்பது. ஆங்கிலத்தில் பழகிய ஆள்தான் எழுவாயாக முன்னால் வர வேண்டும்: 'ஐ ஆம் யூஸ்டு டு த கோல்ட்.'

'நான் குளிருக்குப் பழகிட்டேன்' என்று யோசிப்பவர்கள் இன்னொரு பிழை செய்கிறார்கள். பழகிட்டேன் என்பது வினை. ஆகவே 'யூஸ்டு' என்பதும் வினை என்று எடுத்துக்கொண்டு 'ஐ யூஸ்டு டு த கோல்ட்' என்கிறார்கள். 'ஆம்' காணாமல் போகிறது. இங்கே 'யூஸ்டு' வினை அல்ல. 'டயர்டு', 'ரெடி' போல ஒரு பண்புச்சொல். நான் களைத்திருக்கிறேன் என்பதற்கு 'ஐ டயர்டு' என்று சொல்வதில்லை அல்லவா, அதுபோல இங்கும் 'ஆம், இஸ், ஆர், வாஸ்' ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும். அது பண்புச்சொல்தான் என்பதற்குச் சான்று, 'ஐ ஆம் குவைட் யூஸ்டு டு த கோல்ட்' என்று நடுவில் 'குவைட்' சேர்க்க முடிகிறது. முதல் வகை 'யூஸ்டு டு'வில் அது முடியவே முடியாது. பண்புச்சொல் என்பதால் காலமும் கட்டுப்படாது. 'ஐ வாஸ் யூஸ்டு டு இட்' என்று இறந்தகாலத்திலும் தாராளமாக வரும்.

உங்கள் கடைசி வாக்கியத்தில் எழுவாய் சரி, 'ஆம்' சரி. 'ஒர்க்' என்பதுதான் தவறு. 'ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்' என்று இருக்க வேண்டும். பலருக்கும் இது புரியாமலே போகிறது. 'டு'வுக்குப் பிறகு ஐஎன்ஜி வரக்கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த விதி எல்லா 'டு'வுக்கும் இல்லை. 'ஐ வான்ட் டு ஒர்க்' என்பதில் 'டு' வினையைச் சேர்ந்தது. 'ஐ ஆம் யூஸ்டு டு' என்பதில் 'டு' நம் 'கு' உருபு செய்யும் வேலையைச் செய்கிறது: குளிருக்கு, சத்தத்துக்கு, இரவு வேலைக்கு. உருபு பெயர்ச்சொல்லோடுதான் சேரும். வினையை அங்கே வைக்க வேண்டுமானால் அதைத் தொழிற்பெயர் ஆக்க வேண்டும். தமிழில் 'வேலை செய்வதற்கு', ஆங்கிலத்தில் 'ஒர்க்கிங்'. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ ஆம் யூஸ்டு டு இட்' சரியாக ஒலிக்கிறது. ஆகவே வினை வந்தால் ஐஎன்ஜி. 'ஐ வான்ட் டு இட்' ஒலிக்கவில்லை. ஆகவே அடிப்படை வினை. இந்தச் சோதனை 'லுக் ஃபார்வர்டு டு'வுக்கும் பொருந்தும். அலுவலக மின்னஞ்சலில் 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள்; 'மீட்டிங் யூ' என்றுதான் எழுத வேண்டும்.

'கெட் யூஸ்டு டு' என்பது இதே பண்புச்சொல்தான், 'ஆம்' இருந்த இடத்தில் 'கெட்' வந்திருக்கிறது. 'ஆம்' என்றால் பழகியாயிற்று. 'கெட்' என்றால் பழகும் பயணம். 'ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு த நைட் ஷிஃப்ட்' - பழகிக்கொண்டு வருகிறேன். 'ஐ ஹேவ் காட் யூஸ்டு டு இட்' - பழகிவிட்டது. அமெரிக்கர்கள் 'காட்டன்' என்பார்கள். 'யூ வில் கெட் யூஸ்டு டு இட்' - புதிதாக விடுதிக்கு வந்து அழுகிற பிள்ளையிடம், 'போகப் போகப் பழகிடும்' என்று சொல்வோமே, அதேதான். 'ஐ நெவர் காட் யூஸ்டு டு த ஃபுட்' - கடைசிவரை அந்தச் சாப்பாடு ஒத்துவரவே இல்லை. எதிர்மறையில் 'ஐ ஆம் நாட் யூஸ்டு டு பீயிங் ஸ்போக்கன் டு லைக் தட்' என்று ஒன்று இருக்கிறது. 'இப்படிப் பேச்சு வாங்கி எனக்குப் பழக்கமில்லை' என்று சொல்லும்போது இருக்கும் அதே சூடு அதில் உண்டு. தேவைப்படும் இடத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.

'பழகு' என்ற நம் சொல் இன்னும் அகலமானது. 'அவரோட நல்லா பழகியிருக்கேன்' என்பதை 'ஐ ஆம் யூஸ்டு டு ஹிம்' என்று சொன்னால், அவருடைய குணத்தைச் சகித்துப் பழகிவிட்டேன் என்பது போலாகும். 'ஐ நோ ஹிம் வெல்' என்று சொல்லுங்கள். 'கார் பழகுறேன்' என்பது 'ஐ ஆம் லேர்னிங் டு டிரைவ்'. ஒரு மென்பொருள் தெரியும் என்று நேர்முகத் தேர்வில் சொல்ல 'ஐ ஆம் ஃபெமிலியர் வித் எக்செல்' என்பதுதான் சொல். 'யூஸ்டு டு எக்செல்' என்றால் அதில் வேலை செய்தே கை பழகிவிட்டது, வேறொன்று கொடுத்தால் தடுமாறுவேன் என்ற சாயல் வந்துவிடும். 'ஃபெமிலியர்' ஒரு வசதியும் தருகிறது: அதை நம் தமிழ் வரிசையிலும் திருப்பிப் போடலாம். 'த ஃபேஸ் இஸ் ஃபெமிலியர் டு மீ' - எனக்குப் பார்த்த முகமாக இருக்கிறது. 'யூஸ்டு' அப்படித் திரும்பாது, 'ஃபெமிலியர்' திரும்பும். கொஞ்சம் முறையான எழுத்தில் 'யூஸ்டு டு'வுக்குப் பதிலாக 'அக்கஸ்டம்டு டு' வரும், விதிகள் அதேதான்.

உச்சரிப்பு. இந்த இரண்டு பொருளிலும் 'யூஸ்டு'வின் நடுவில் இருப்பது அதிர்வில்லாத ஸகரம். தொண்டையில் விரலை வைத்தால் அந்த இடத்தில் அதிர்வு தெரியாது. அடுத்து வரும் 'டு'வோடு ஒட்டி 'யூஸ்ட' என்றே காதில் விழும். ஆனால் 'பயன்படுத்தப்படுகிறது' என்ற பொருளில் 'திஸ் மெஷின் இஸ் யூஸ்டு டு கட் பேப்பர்' என்று சொல்லும்போது நடுவில் 'ஜீரோ'வின் முதல் ஒலி, அதாவது அதிர்வுள்ள ஒலி வரும். எழுத்தில் 'ஆம் யூஸ்டு டு' போலவே இருக்கும், பிறகு அடிப்படை வினையும் வரும். பார்த்துக் குழம்பிவிட வேண்டாம். இயந்திரமோ கத்தியோ எழுவாயாக இருந்தால் அது இந்த மூன்றாவது வகையாகத்தான் இருக்கும்.

கேள்வியிலும் மறுப்பிலும் எழுத்துக்கூட்டல் தொல்லை ஒன்று உண்டு. 'டிட் யூ யூஸ் டு ப்ளே கிரிக்கெட்?', 'ஐ டிடின்ட் யூஸ் டு லைக் காஃபி' என்று எழுதும்போது 'டிட்' இறந்தகாலத்தைத் தூக்கிக்கொண்டதால் 'யூஸ்டு'வின் கடைசி எழுத்து போய்விட வேண்டும். ஒலியில் வித்தியாசம் தெரியாததால் அச்சிலேயே கூட அந்த எழுத்தை வைத்து எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தேர்வில் எடுத்துவிட்டு எழுதுவதே பாதுகாப்பு. பேச்சில் 'ஐ நெவர் யூஸ்டு டு லைக் காஃபி' என்றால் இந்தத் தொல்லையே இல்லை, 'யூஸ்டு' முழுசாக நிற்கும். பழைய பிரிட்டிஷ் நூல்களில் 'யூஸ்ட்ன்ட் டு' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். படித்துப் புரிந்துகொண்டால் போதும்.

பயிற்சிக்கு ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் முன்பு இருந்து இப்போது இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு பத்தி: முதல் வாக்கியம் 'தேர் யூஸ்டு டு பீ', அடுத்த இரண்டு 'வுட்', கடைசி வாக்கியம் இப்போது எதற்குப் பழகிவிட்டீர்கள் அல்லது எதற்கு இன்னும் பழகவில்லை என்பது. எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.